அருமைநாயகம் அண்டாவுக்குப் புளி ஆகாது

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டி, நாலாம் நாள் காலை வெறித்து, தவளைகளெல்லாம் தொண்டை கட்டி ஓய்ந்திருந்த நேரத்தில், நெட்டூரணி ஊர்ப் பொதுக் கல்யாண மண்டபத்தின் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு நாலு பேர் வெளியே வந்தார்கள். உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. நாலு பேருக்கும் சாம்பல் நிறச் சட்டை, வெள்ளை வேட்டி, வேட்டியின் கீழ்க்கரை நனைந்திருந்தது, வகிடு நாலும் ஒரே நேர். தாங்கள் ஏஜெண்டுகள் என்றும், என்ன வேலை செய்ய வேண்டும் என்றும் கேட்டார்கள். மண்டபத் தலைவர் தருமநாயகம் போன மாதக் கூட்டத்தில்தான், கம்ப்யூட்டரில் செயற்கை அறிவு ஏஜெண்டு போட்டாச்சு, இனி மண்டப வேலை முழுக்க அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். ஆகவே அவர் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்தது வந்தீர்கள், முதலில் அந்த நாற்காலிகளை அடுக்குங்கள் என்றார். அடுக்கினார்கள்.

நெட்டூரணி எதற்கும் வாய் பிளக்கிற ஊர் இல்லை. டீக்கடைக்காரர் நாலு கிளாஸ் கொடுத்தனுப்பினார். டீ ஆறும்வரை கையில் பிடித்திருந்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்கள், அவரும் அதை மறுபடி சூடு பண்ணி வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொண்டார். கோயில் கொடைக்கு இவர்களையும் தலைக்கட்டு வரியில் சேர்ப்பதா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசி, கல்யாணம் ஆகாதவனுக்கு ஏது தலைக்கட்டு என்று முடித்தார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாலு பேரும் அறைக்குள் போவார்கள், விடிந்ததும் அதே ஈர வேட்டியோடு வருவார்கள், வந்ததும் தாங்கள் ஏஜெண்டுகள் என்றும் என்ன வேலை என்றும் புதிதாகக் கேட்பார்கள். நேற்று நடந்தது ஒன்றும் ஞாபகத்தில் இராது. ஞாபகம் வைத்திருந்து சண்டை போடுகிறவர்கள்தான் நம்ம ஊரில் அதிகம், நாலு பேராவது மறக்கட்டும் என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது.

அவர்களுக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரைச் சீட்டோடு வந்து நின்றார்கள், எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது. ஆனால் மண்டபத்துப் பாத்திர அறைக்குள் நுழைந்தால், அங்கே கிடக்கும் நானூற்றுச் சொச்சம் சாமான்களைப் பற்றி, அவற்றின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும், எழுதியிருப்பதை வரி பிசகாமல் நம்பவும் செய்வார்கள். வினை வந்தது அங்கேதான். ஏனென்றால் அந்தச் சாமான்களின் மேல் இருந்த எழுத்து அத்தனையும் தங்கபுஷ்பத்தின் கை.

தங்கபுஷ்பம் பஜாரில் பாத்திரக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பேர் வெட்டுகிறவள். நம்ம ஜனத்தின் குணம் தெரியாதா? ஒரு டம்ளர் கொடுத்தாலும் கொடுத்தவர் பேர் அதில் இருக்க வேண்டும்; அதில் காப்பி குடிப்பார்களா கஞ்சி குடிப்பார்களா என்பது யார் கவலை? மண்டபம் கட்டியபோது ஊரே பாத்திரம் கொடுத்தது, கொடுத்த பாத்திரமெல்லாம் தங்கபுஷ்பத்தின் மடிக்கு வந்துதான் மண்டபத்துக்குப் போனது. டர்ரென்று அந்தச் சின்ன மெஷின் ஓட, எவர்சில்வர் மேல் அவள் எழுத்து முத்து முத்தாக விழும், கோணாது, தேயாது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு, கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை, ஏழு ஊர்க் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் வாளியைத் திருப்பித் தன் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள்.

அந்த எழுத்தைத்தான் நாலு பேரும் படித்தார்கள். குத்துவிளக்கை எடுத்து வாருங்கள் என்று சொன்னால், 'தாய்மாமன் சீர்' என்று அதில் இருப்பதைப் படித்துவிட்டு, மணப்பெண்ணின் தாய்மாமன் வீடு எதுவென்று விசாரித்து அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த மனுஷனும் வந்த மகாலட்சுமியைத் திருப்பி அனுப்பவில்லை. 'காளியம்மன் உபயம்' என்று வெட்டியிருந்த கண்ணகப்பை அம்மன் காலடிக்குப் போய்விட, பூசாரி அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார், குங்குமம் வைத்ததை இனி வடை எடுக்கக் கேட்க முடியுமா? 'நினைவாக' என்று முடிகிற முப்பத்தாறு பாத்திரங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பூ வைத்து, நாலு பேரும் தலை குனிந்து நின்றார்கள், அந்தப் பக்கம் அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் கேள்விப்பட்டு வந்து, அண்டா முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் ஊர் சிரித்தது, தங்கபுஷ்பமும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

தலைவர் தருமநாயகம் சிரிக்கவில்லை. அவரே உட்கார்ந்து அட்டை எழுதி ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டார். எழுதினது என்ன தெரியுமா? 'பெரிய அண்டா.' 'நல்ல அண்டா.' 'தேவைப்படும்போது எடுக்கவும்.' அந்த அறையில் பெரிய அண்டா ஐந்து இருந்தது. அதில் ஒன்று தருமநாயகம் தன் தகப்பனார் அருமைநாயகத்தின் நினைவாகக் கொடுத்த பித்தளை அண்டா, ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், பார்க்க அத்தனை லட்சணம், ஆனால் உள்ளே ஈயம் பூசாதது. ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், வயிற்றைக் கலக்கும். அதனால் அது வெந்நீருக்கு மட்டும் என்பது மண்டபத்தில் சமைக்கிற தவசிப்பிள்ளை ஆவுடையப்பனுக்குத் தெரியும், அவருடைய ஆட்களுக்குத் தெரியும், தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்?

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தன்று ஆவுடையப்பன் பின்கட்டில் பாயசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரசத்துக்குப் பெரிய அண்டாவை ஏற்றுங்கள் என்று குரல் கொடுத்தார். நாலு பேரும் படித்தார்கள், ஐந்திலும் பெரிய அண்டா என்றுதான் இருந்தது, வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார்கள். முதல் பந்தியில் ரசம் வாயில் பட்டவர்களுக்குப் பழைய செப்புக்காசை நக்கியதுபோல இருந்தது. ஒரு வாயோடு நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள், ஊற்றிக் குடித்தவர்கள் பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மண்டபத்தின் பேர் போய்விட்டது.

தங்கபுஷ்பத்துக்கு அந்த ரசம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது, காரணம் இருக்கிறது. தை மாதம் முதல் முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் அவள் ஒரே மகள் ரூபகலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாயார் இந்திராணி விருதுநகர்க்காரி, செய்தி கேட்ட அன்றைக்கே போன் பண்ணி, மதினி, கல்யாணத்தை எங்க ஊருக்கே மாத்திக்குவோம், வந்த ஜனத்துக்கு வயித்தால போனா நாம தலை நிமிர முடியாது என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் தன் கையால் பேர் வெட்டின நானூறு பாத்திரத்தில் ஒன்றில்கூட மகள் கல்யாணச் சோறு வேகாது என்பது தங்கபுஷ்பத்துக்கு ஒப்பவில்லை.

ஊர்க்கூட்டம் கூடியது. ஏஜெண்டுகளை அறைக்குள் அனுப்பிக் கதவைப் பூட்டிவிடலாம், புத்தி இல்லாத பயல்கள் என்றார் தருமநாயகம். ஆவுடையப்பன் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து தங்கபுஷ்பம் எழுந்தாள்.

“தப்பு அவங்க மேல இல்ல. யாரு குடுத்ததுன்னு எழுதினோம், எதுக்குன்னு எழுதினமா? அந்த எழுத்து என் எழுத்து. மார்கழி முழுக்க முகூர்த்தம் கிடையாது, அந்த ஒரு மாசத்தை எனக்குத் தாங்க. தையில என் மக பந்திலதான் முதல்ல பரிமாறப் போறோம். ஒரு கரண்டி பிசகினாலும் அதோட மெஷினைக் கீழ வச்சிருதேன்.”

அவள் புருஷன் வயிரமணி பஸ் கண்டக்டர், விசில் இல்லாமல் பேசத் தெரியாதவர், வீட்டுக்கு வந்ததும், ஏட்டி, சொந்த மக சோத்துலயா பந்தயம் கட்டுவ என்று மட்டும் கேட்டார். வேற யாரு சோத்துல கட்டச் சொல்லுதீங்க என்றாள் அவள். அன்றைக்கே இந்திராணிக்கும் போன் போட்டு, சாப்பாடு என் பொறுப்பு மதினி, என்னை நம்பி வாங்க என்று சொல்லிவிட்டாள்.

வேலை ஆரம்பித்தது. கேட்டால் சிரிப்பீர்கள், முதல் குண்டானில் அவள் ஒரு புராணமே வெட்டினாள். அது எந்தக் கடையில் வாங்கினது, எந்த வருஷம் கைப்பிடி விட்டுப்போய்ப் பற்றவைத்தது, ஆவுடையப்பனின் சித்தப்பா அதைக் காலில் போட்டுக்கொண்ட கதை, எல்லாம். பால் காய்ச்ச அதை எடுத்த ஏஜெண்டு நின்ற இடத்திலேயே வரிவரியாகப் படித்து, குண்டானைச் சுற்றிச் சுற்றி வந்து படித்து, அவன் படித்து முடித்தபோது பால் தயிராகிவிட்டது. சரி, சுருக்குவோம் என்று அடுத்ததில் 'பால்' என்று மட்டும் வெட்டினாள். அவன் பாலை ஊற்றி வைத்தான், காய்ச்சவில்லை. அரத்தால் தேய்த்து இரண்டையும் அழித்துவிட்டு, பிறகு ஆவுடையப்பன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

இது எதுக்கு என்று கேட்டால் அவர் பதில் சொன்னார். எப்பவெல்லாம் இதை எடுக்க மாட்டீங்க அண்ணாச்சி என்று கேட்டால்தான் முறைத்தார். அது தெரியாதாக்கும் என்றார். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே தாயி என்றார். மூன்றாம் நாள் தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது: எங்கே அவர் 'தெரியாதாக்கும்' என்கிறாரோ, அங்கேதான் எழுத வேண்டிய வரி கிடக்கிறது. அன்றையிலிருந்து அவர் தெரியாதாக்கும் என்று சொல்லச் சொல்ல இவள் சந்தோஷமாக நோட்டில் எழுதினாள், அவருக்கோ இவளுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று சந்தேகம்.

இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் வார்த்தை விழுந்தது. இது என்ன, எதற்கு எடுக்க வேண்டும், எதற்கு எடுக்கக் கூடாது, அப்படியென்றால் பதிலுக்கு எதை எடுப்பது, எத்தனை பேருக்குக் காணும். பக்கத்தில் அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று இருந்தால், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். காலையில் நாலு பேரும் ஈர வேட்டியோடு வந்து என்ன வேலை என்று கேட்பார்கள், இவள் புதிதாக வெட்டின பாத்திரத்தைக் கையில் கொடுத்து இதை வைத்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். எந்த வரியில் அவர்கள் கை தயங்குகிறதோ அந்த வரியைச் சாயங்காலம் மாற்றுவாள். மறுநாள் அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இராது, மறுபடி சோதிப்பாள். நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறவனிடம் எழுத்தைச் சோதிக்க முடியுமா? ஊர் குறை என்று நினைத்தது இவளுக்கு வரமாக இருந்தது. எழுத்து நன்றாக அமைந்த நாளில் நாலு பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை முடித்து வைப்பார்கள், அன்றைக்குத் தங்கபுஷ்பம் பஜார் வழியே நடக்கிற நடையே தனி.

மார்கழி பாதிக்குள் இது ஊருக்கும் தொற்றிக்கொண்டது. அடிபம்பில் 'ஏழு அடி அடித்த பிறகுதான் தண்ணீர் வரும், எட்டாவதில் குடத்தை வை' என்று வந்தது. நூலகக் கதவில் 'தள்ளாதே, தூக்கி இழு' என்று வந்தது. ஒருத்தி தன் மாமியாருக்கு ஒரு தகடு வெட்டித் தரச் சொல்லி வந்தாள், மாமியார் அதே சாயங்காலம் மருமகளுக்கு ஒன்று கேட்டு வந்தாள். இதுக்கெல்லாம் என் மெஷின் ஊசி பத்தாது என்று இரண்டு பேரையும் சிரித்து அனுப்பினாள் தங்கபுஷ்பம். அருமைநாயகம் அண்டாவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை வெட்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளே இந்திராணி வந்து இறங்கி, அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றி, மூடியிருந்த எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். விடிந்தால் முகூர்த்தம். நாலு பேரும் வந்தார்கள், தாங்கள் ஏஜெண்டுகள் என்றார்கள், என்ன வேலை என்றார்கள். தங்கபுஷ்பம் ஒன்றும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். காது மட்டும் அடுப்படியில் கிடந்தது. சோறு வெந்தது, சாம்பார் இறங்கியது, அவியல் மணத்தது. தாலி ஏறி முடிந்து, இவள் பின்கட்டுக்கு ஓடினபோது, அங்கே தருமநாயகம் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிவந்து நின்றுகொண்டிருந்தார், பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம்.

பழசை எல்லாரும் மறக்க வேண்டும், தன் தகப்பனார் அண்டாவின் மேல் விழுந்த பழி போக வேண்டும், அது அவர் ஆசை. ஆசை தப்பில்லை, அண்டாதான் தப்பு. அதை இன்னும் பற்றவைக்காத அடுப்பில் ஏற்றச் சொன்னார். ஒரு ஏஜெண்டு ஏற்றினான். பிறகு, ரசத்துக்குக் கரைத்து வைத்த புளியை அதில் ஊற்றச் சொன்னார். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார், தலைவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தங்கபுஷ்பம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இப்போது அவள் குரல் கொடுத்தால் எழுத்து தோற்றது என்று அர்த்தம், கொடுக்காவிட்டால் மகள் பந்தி என்ன ஆகும்?

ஏஜெண்டு புளி வாளியைக் கீழே வைத்தான். அண்டாவின் பக்கம் குனிந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தான்.

“வெந்நீர் அண்டா. பித்தளை, உள்ளே ஈயம் இல்லை. குளிக்கவும் கை கால் கழுவவும் முப்பது பேருக்கு வெந்நீர் போட இதை எடுக்கவும். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர், எதுவும் இதில் படக் கூடாது. களிம்பு ஏறிச் சாப்பிட்டவர் வயிறு கெடும். ரசத்துக்குக் கிழக்குச் சுவர் ஓரம் உள்ள எவர்சில்வர் அண்டாவை எடுக்கவும். கேட்பவர் யாராக இருந்தாலும் இதே பதில்தான். கு. அருமைநாயகம் நினைவாக.”

படித்துவிட்டு, ஐயா, கிழக்குச் சுவர் அண்டாவைக் கொண்டுவரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். தருமநாயகத்தின் முகம் பழுத்த மிளகாயானது, அவரே குனிந்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார், கடைசி வரியில் விரல் நின்றது.

“எங்கப்பாவும் வெந்நீர் இல்லாம குளிக்க மாட்டாரு,” என்றார். “சரிதான். கிழக்குச் சுவர் அண்டாவையே ஏத்துங்கடே.”

தூணைப் பிடித்திருந்த தங்கபுஷ்பம் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் முந்தானையால் ஒரே துடைப்பாகத் துடைத்தாள். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பேரை வெட்டிய கைக்கு இன்றுதான் சொந்தமாக ஒரு குரல் வந்திருந்தது, அந்தக் குரல் இவள் வாயைத் திறக்காமலே ஊர்த் தலைவருக்குப் பதில் சொல்லியிருந்தது. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

ஐந்து பந்தி நடந்தது. விருதுநகர்க்காரர்கள் ரசத்தை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார்கள். அனுப்பிவைக்கிற நேரம் வந்ததும், வழக்கமாகப் பெண்ணைப் பெற்றவள் சொல்ல வேண்டியதை, சின்னப் பொண்ணு, தெரியாம எதுவும் செஞ்சா பொறுத்துக்குங்க என்கிற அந்தப் பேச்சை, எல்லாரும் எதிர்பார்த்து நின்றார்கள். அதற்குள் இந்திராணி தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்கட்டில் அண்டா பதில் சொன்னதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இவள் மேல் ஒரே பிரமிப்பு.

“மதினி, எங்களுக்கு வேற சீர் வேண்டாம். உங்க மகளுக்கும் இதே மாதிரி நாலு வரி வெட்டித் தந்துருங்க. எப்பக் கோவம் வரும், எது ஆகாது, எது ஆகும்னு. படிச்சு வச்சிக்கிடுதோம்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், நல்ல யோசனை என்றுகூட யாரோ சொன்னார்கள். ரூபகலா சிரிக்கவில்லை. மாலைக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் தங்கபுஷ்பத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை.

“அண்டாவுக்கு வாய் கிடையாது மதினி, அதான் நான் எழுதினேன். இவளுக்கு வாய் இருக்கு. இவளைக் கேளுங்க. நாளைக்கும் கேளுங்க, ஏன்னா நாளைக்கு இவ வேற சொல்லுவா.”

இந்திராணி மருமகள் பக்கம் திரும்பினாள். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நகையையும் படிப்பையும் சமையலையும் விசாரித்தவள், அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?”

“பசிக்குது அத்தே,” என்றாள் ரூபகலா. “அஞ்சு பந்தி போட்டீங்க. என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடல.”

நாலு ஏஜெண்டுகளும் ஒரே நேரத்தில் இலை எடுக்க ஓடினார்கள். வண்டி காத்திருந்தது, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, வயிரமணி வாசலில் நின்று ரெண்டு விசில் கொடுத்துப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளின் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் ரச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள், பழக்க தோஷத்தில் அதைத் திருப்பி எழுத்தைப் பார்த்துக்கொண்டாள். ரூபகலா உள்ளங்கையைக் குழித்து நீட்டி, ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினாள்.